ஏழுக்குப் பிறகு ஒன்று

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்றார் டாக்டர்,
சீட்டைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து.
திலகவதியைப் பார்த்து அல்ல.
அவளுக்கு முப்பத்தொன்பது வயது.
சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
ஏழு வரைக்கும் எண்ணுவாள்.
ஏழுக்குப் பிறகு ஒன்று.

சிப்காட்டில் எனக்கு இரவு ஷிப்ட்.
திரும்பி வரும் பஸ்ஸில் கணக்குப் போட்டேன்:
பத்தாயிரம் என்றால்
ஆயிரத்து நானூற்று இருபத்தெட்டு தடவை ஏழு,
மிச்சம் நாலு.
அந்த நாலை நான் நடக்கிறேன் அக்கா என்றேன்.
சட்டையில் மருந்து நெடி என்று
மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில்
இரண்டாவது ஏழில் உட்கார்ந்துவிட்டாள்.
அதிரசம் காட்டிக் கூப்பிட்டேன்.
சர்க்கரைக்காரிக்கு அதிரசம்,
என் புத்தி.
அடி எண்ணும் வாட்ச் வாங்கினேன், தவணையில்.
குடத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள்.
வெள்ளை ஷூவை
ஒரு காலில் மட்டும் போட்டுக்கொள்வாள்.
ஒரு நாள் சத்தம் போட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன்.
அவள் மணிக்கட்டில் என் நாலு விரல்
சாயங்காலம் வரைக்கும் இருந்தது.
இதை எழுதாமல் விடப் பார்த்தேன்.

பகல்நேர மையத்து ஜெசிந்தா சொன்னாள்:
'நட நடன்னா யார் சார் நடப்பாங்க?
எங்க போறோம்னு சொல்லுங்க.'

எங்கே போகிறோம்?
வாழ்நாள் முழுக்க அவளிடம்
உட்காரு என்றுதான் சொல்லியிருக்கிறோம்.
விருந்தாளி வந்தால் உள்ளே போய் உட்காரு.
கல்யாணத்தில் கடைசி நாற்காலியில்.
ஆஸ்பத்திரியில், டிவிக்கு முன்னால்,
நான் வரும்வரைக்கும் அசையாமல்.
இத்தனை வருஷம் நன்றாக உட்காரப் பழகியவளை
எழுந்திரு என்கிறோம்,
சீட்டில் எழுதியிருக்கிறது என்று.

தேவனாம்பட்டினம் போனது
சும்மா கடல் பார்க்கத்தான்.
விடிந்தும் விடியாமல்
கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
இருபது பேர், ஈரக் கயிறு,
பின்பக்கமாகவே நடந்து நடந்து
கடலை வீட்டுக்குக் கூட்டிப்போகிற மாதிரி.
அக்கா என் கையை உதறினாள்.
போய்க் கயிற்றைப் பிடித்தாள்.
தடுக்க ஓடினேன்.
'இருக்கட்டும் தம்பி, கை பத்தல' என்றார்
கயிற்றின் கடைசியில் நின்ற சிங்காரவேலு.

கை பத்தல.
அவள் இல்லாததால் எங்கேயாவது
ஒன்று குறைந்தது என்று
யாரும் அதுவரைக்கும் சொன்னதில்லை.

ஒண்ணு, ரெண்டு, என்று உரக்க எண்ணி,
குதிகால் மணலில் புதைய
நைட்டியின் ஓரம் நனைய,
முன்னால் நட என்று நாங்கள் கெஞ்சிய பெண்
பின்னால் நடந்தாள்.
'ஏழுக்கப்புறம் என்னா தாயி?'
'ஒண்ணு.'
'சரிதான். வலைக்கும் அதான் கணக்கு.'

வலையில் அன்றைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.
நெத்திலி, ரெண்டு நண்டு, ஒற்றைச் செருப்பு.
பங்கு பிரித்தபோது
அவள் துண்டில் ஒரு கை நெத்திலி விழுந்தது.
வீடு வரைக்கும் என்னைத் தொடவிடவில்லை.

மறுநாள் எழுந்திருக்கவே இல்லை.
அதற்கு மறுநாள் கடல் சரியில்லை, வலை போடவில்லை.
வெறும் கரையில் நின்று
எல்லோரையும் திட்டினாள், என்னையும் சேர்த்து.
அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் மூன்று.

மூன்று மாதத்தில் குறைந்தது எண்ணூறு கிராம்.
டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.
'என்னம்மா பயிற்சி செய்யறே?'
இந்தத் தடவை அவளிடம் கேட்டார்.
எதிரே நாற்காலி இருந்தது.
அக்கா உட்காரவில்லை.
மேசை விளிம்பை இரண்டு கையாலும் பற்றி
ஒண்ணு என்றாள்,
பின்னால் ஓர் அடி வைத்தாள்.

மேசை நகர்ந்தது.